உப்பு கொடுத்து அரிசி வாங்கிய மெக்கானிக்: யார் இந்த சோய்சிரோ ஹோண்டா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குக் கிளம்பினால், மரக்காணம் பக்கம் வந்ததும் பலர் வண்டியை ஓரம் கட்டுவார்கள். சாலையை ஒட்டி உப்பளப் பாத்திகள், வரப்போரம் குவித்து வைத்த வெள்ளை உப்பு. ஒரு போட்டோ, ஒரு டீ, மறுபடி கிளம்ப வேண்டியதுதான். அதே சாலையில் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும், மீன் கூடையைக் கட்டிக்கொண்டு போகிறவர்களும் பைக், ஸ்கூட்டர், மொபெட் என்று கடந்துகொண்டே இருப்பார்கள். அதில் எத்தனை வண்டியில் ஹோண்டா என்ற பெயர் ஒட்டியிருக்கிறது என்று சும்மா எண்ணிப் பாருங்கள்.

அது கம்பெனிக்காக யோசித்து வைத்த பெயர் இல்லை. ஒரு மெக்கானிக்கின் குடும்பப் பெயர். சோய்சிரோ ஹோண்டா என்ற அந்த ஜப்பானியர் 1906-ல் பிறந்து 1991-ல் இறந்தார். மரக்காணத்துக்காரர்கள் ரசிக்கக்கூடிய ஒரு தகவலும் உண்டு. மோட்டார் சைக்கிள் செய்வதற்கு முந்தைய வருஷம், இந்த மனிதர் கடல்நீரிலிருந்து உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மோட்டேகியில் என்ன இருக்கிறது?

வேலைக்கோ சுற்றுலாவுக்கோ ஜப்பான் போகும் பைக் பிரியர்களின் பட்டியலில் இப்போது ஒரு ஊர் கட்டாயம் இருக்கும். டோக்கியோவுக்கு வடக்கே, டொச்சிகி மாகாணத்தில் உள்ள மோட்டேகி. அங்கே ரேஸ் டிராக்கை ஒட்டி ஹோண்டா கலெக்‌ஷன் ஹால் என்ற அருங்காட்சியகம் 1998-ல் திறக்கப்பட்டது. சைக்கிளில் பொருத்திய குட்டி இன்ஜினில் ஆரம்பித்து, சூப்பர் கப், ரேஸ் பைக், கார், ஃபார்முலா 1 வண்டி வரை அங்கே நிற்கின்றன. பழைய வண்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைப்பதோடு நிறுத்தாமல், ஸ்டார்ட் செய்தால் ஓடும் நிலையில் பராமரிப்பது அவர்கள் வழக்கம்.

வண்டிகளைப் பார்த்து முடித்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். பெரிய படிப்பு இல்லாத ஒருவர் இதையெல்லாம் எப்படிச் செய்தார்? அதைவிட முக்கியமானது, உச்சத்தில் இருந்தபோது ஏன் நாற்காலியை விட்டு எழுந்தார்?

எண்ணெய் வாசனையில் தொடங்கிய கதை

1906 நவம்பர் 17 அன்று, ஹமாமட்சு நகருக்கு அருகே கோம்யோ என்ற கிராமத்தில் சோய்சிரோ பிறந்தார். அப்பா கிஹெய் கொல்லர். பட்டறையில் இரும்பு வேலையோடு சைக்கிள் பழுதும் பார்த்தார். அம்மா மிகா தறி நெய்தவர்.

சின்ன வயதில் ஒருநாள் ஊருக்குள் முதன்முதலாக ஒரு ஃபோர்டு கார் வந்தது. பையன் அதன் பின்னாலேயே ஓடினான். கார் நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயைக் குனிந்து மோந்து பார்த்தான். அந்த வாசனை கடைசி வரை தன்னை விட்டுப் போகவில்லை என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

நமக்கு இங்கே ஜி.டி.நாயுடு ஞாபகம் வரலாம். கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த அவரும், ஓர் ஆங்கிலேயர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே வாங்கிக் கழற்றிப் பூட்டியவர். ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு கிராமங்களில், ஒரே மாதிரி ஆசை.

படிப்பில் சோய்சிரோ சுமார்தான். மதிப்பெண் அறிக்கையில் வீட்டு முத்திரை வாங்கி வரச் சொன்னால், சைக்கிள் பெடல் ரப்பரைச் செதுக்கி அவனே முத்திரை செய்துகொள்வான். ஹோண்டா என்ற ஜப்பானிய எழுத்துகள் இடவலம் மாற்றினாலும் ஒரே மாதிரி இருக்கும்; அதனால் பிடிபடவில்லை. நண்பர்களுக்கும் செய்து கொடுத்தபோது அவர்கள் பெயர் தலைகீழாக விழுந்தது. மாட்டிக்கொண்டான்.

பட்டறையில் முதல் வேலை குழந்தை பார்ப்பது

1922-ல், 15 வயதில் டோக்கியோவுக்குப் போய் ஆர்ட் ஷோகாய் என்ற கார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பெரிய கனவோடு போனவரிடம் முதலில் கொடுத்தது ஸ்பேனர் இல்லை, முதலாளி வீட்டுக் குழந்தை. சுமார் ஆறு மாதம் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதை வேடிக்கை பார்த்தார்.

1923 செப்டம்பரில் டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. பல தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட, மிஞ்சிய சிலரில் ஒருவராக சோய்சிரோ எரிந்துபோன கார்களைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார். அடுத்த வருஷம் முதலாளியோடு சேர்ந்து, பழைய கர்ட்டிஸ் விமான இன்ஜினை ஒரு காரில் மாட்டி ரேஸ் கார் செய்தார்கள். 1924 நவம்பரில் நடந்த பந்தயத்தில் அது முதலிடம் பிடித்தது. உடன் சென்ற மெக்கானிக் சோய்சிரோ. அந்த கர்ட்டிஸ் கார் இன்றும் மோட்டேகி சேகரிப்பில் இருக்கிறது.

1928-ல் சொந்த ஊர்ப் பக்கமே வந்து, ஹமாமட்சுவில் பட்டறையின் கிளையைத் தொடங்கினார். அப்போது வயது 21. மரச் சக்கரங்களுக்குப் பதிலாக வார்ப்பிரும்புக் கம்பிகள் கொண்ட சக்கரத்துக்கு காப்புரிமை வாங்கினார். பணம் வந்தது, பெயரும் வந்தது. 1936-ல் டமாகாவா பந்தயத்தில் அவர் ஓட்டிய கார் விபத்தில் சிக்கி, அவரும் தம்பியும் காயம் அடைந்தனர்.

50-ல் 3 மட்டும் தேறியது

ரிப்பேர் வேலை எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் அது அந்த ஊரோடு நின்றுவிடும் என்று அவருக்குத் தோன்றியது. எதையாவது உற்பத்தி செய்ய வேண்டும். பிஸ்டன் ரிங்கைத் தேர்ந்தெடுத்தார். இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்தான் பிஸ்டன் ரிங். பார்க்க ஒரு மோதிரம் மாதிரிதான் இருக்கும். ஆனால் சூட்டையும் உரசலையும் தாங்கி, இன்ஜின் அழுத்தத்தைக் கசியாமல் பிடிக்க வேண்டும்.

இரவு பகலாக முயன்றும் ரிங் சரியாக வரவில்லை. வார்ப்பில் எங்கோ கோளாறு. கைப்பழக்கம் போதவில்லை, உலோகவியல் தெரிய வேண்டும் என்று புரிந்ததும் அவர் செய்த காரியம் பலருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். 30 வயதில், தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் முதலாளி, ஹமாமட்சு தொழில்நுட்பப் பள்ளியில் தன்னைவிட வயது குறைந்த மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். தேவையான பாடத்தை மட்டும் கவனிப்பார், தேர்வு எழுத மாட்டார். பட்டம் கிடைக்காது என்று பள்ளியில் சொன்னபோது, சினிமா டிக்கெட் இருந்தால் தியேட்டருக்குள்ளாவது விடுவார்கள், பட்டத்தால் அதுகூட நடக்காது என்கிற ரீதியில் பதில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்வார்கள்.

அப்படியும் டொயோட்டாவிடம் சோதனைக்குக் கொடுத்த 50 ரிங்குகளில் 3 மட்டுமே தேறின. மறுபடியும் கற்றார், மறுபடியும் வார்த்தார். கடைசியில் அவருடைய டோகாய் செய்கி நிறுவனத்தில் டொயோட்டாவே பங்குதாரராக வந்தது.

பிறகு போர். அவர் தொழிற்சாலையும் ராணுவ உற்பத்திக்குத் திரும்பியது. அமெரிக்கக் குண்டுவீச்சில் ஹமாமட்சு சிதைந்தது. 1945 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தில் இவாட்டாவில் இருந்த ஆலையும் விழுந்தது. போர் முடிந்ததும் மிச்சம் இருந்த பங்குகளை டொயோட்டா குழுமத்துக்கு 4.5 லட்சம் யென்னுக்கு விற்றுவிட்டு வெளியே வந்தார்.

உப்பு காலம்

அப்போது சோய்சிரோவுக்கு வயது 38. ஒரு வருஷம் எதுவும் செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். வீட்டில் நண்பர்களைக் கூட்டிவைத்து மது காய்ச்சினார், பொழுதைப் போக்கினார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இந்த இடத்தில்தான் உப்பு வருகிறது.

மரக்காணத்தில் உப்பு விளைய வெயிலும் காற்றும் போதும். பாத்தியில் நீரைத் தேக்கி, காயவிட்டு, வாரிக் குவித்துவிடலாம். ஜப்பானில் அது நடக்காது. மழையும் ஈரமும் அதிகம். அதனால் காலங்காலமாக அங்கே கடல்நீரை அடர்த்தியாக்கி, விறகு எரித்துக் காய்ச்சித்தான் உப்பு எடுத்தார்கள். மீதித் தேவைக்கு வெளியிலிருந்து வரவழைத்தார்கள். போரில் அந்த வரத்து அறுந்துபோக, உப்புக்குக் கடும் தட்டுப்பாடு. சோய்சிரோ உப்பு எடுக்க ஒரு இயந்திரம் செய்தார். கிடைத்த உப்பைக் கொடுத்து அரிசி வாங்கினார். கோடிக்கணக்கில் வண்டி விற்ற மனிதர், நம்மூர் உப்பு வண்டிக்காரர் ஒருகாலத்தில் செய்த அதே பண்டமாற்றைச் செய்து வீட்டுக்கு அரிசி கொண்டுவந்த காலம் அது.

வெந்நீர் பாத்திரம்தான் பெட்ரோல் டேங்க்

1946-ல் ஒரு நண்பர் வீட்டில், ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தரப் பயன்பட்ட சின்ன இன்ஜின் ஒன்றைப் பார்த்தார். போர் முடிந்ததால் அதற்கு வேலை இல்லை. ஊரில் பஸ், ரயில் எல்லாம் பிதுங்கி வழிகின்றன. சைக்கிளில் பல மைல் மிதித்துப் போய்த்தான் காய்கறி, அரிசி வாங்க வேண்டும். இந்த இன்ஜினைச் சைக்கிளில் மாட்டினால் என்ன?

மாட்டினார். குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வைக்கும் வெந்நீர் பாத்திரம்தான் முதல் பெட்ரோல் டேங்க். வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னது மனைவி சாச்சியிடம். பெண்கள் ஓட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கூட்டமான தெருக்களில் சாச்சி ஓட்டிப் போனது நல்ல விளம்பரமாகவும் ஆனது. இன்ஜினிலிருந்து எண்ணெய் தெறித்து உடுப்பு வீணானதை சாச்சி சொல்ல, முதலில் முறைத்தாலும் பிறகு கார்புரேட்டரைச் சரிசெய்தார்.

பெட்ரோலுக்கு ரேஷன் இருந்ததால் பைன் மர எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். புகை கக்கும், ஆனால் ஓடியது. சுமார் 500 ராணுவ இன்ஜின்கள் தீர்ந்ததும் சொந்த இன்ஜினைச் செய்தார். 1948 செப்டம்பர் 24 அன்று 10 லட்சம் யென் முதலீட்டில் ஹோண்டா மோட்டார் கம்பெனி உருவானது.

1949-ல் டகேயோ ஃபுஜிசாவா சேர்ந்தார். பலரும் தவறவிடும் திருப்பம் இது. விற்பனை, பணம், நிர்வாகம் எல்லாம் ஃபுஜிசாவா. இன்ஜின் எல்லாம் ஹோண்டா. நிறுவனத்தின் முத்திரையைக்கூட ஃபுஜிசாவாவிடமே கொடுத்துவிட்டார். தனக்கு எது வராது என்று தெரிந்து, அதை வருகிறவர் கையில் முழுசாக ஒப்படைப்பது சுலபமான விஷயம் இல்லை.

பெட்டி நிறைய உதிரிபாகம்

1954-ல் கம்பெனி திணறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் ஒன்று சந்தையில் எடுபடவில்லை, பைக்குகளில் புகார்கள், வங்கிக் கடன். அந்த நேரத்தில்தான் உலகின் கடினமான பைக் பந்தயமான ஐல் ஆஃப் மேன் டி.டி.யில் கலந்துகொள்வோம் என்று அறிவித்தார். பந்தயத்தைப் பார்க்க அந்த ஆண்டே ஐரோப்பா போனவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே ஓடிய வண்டிகள் தன் வண்டியைப் போல மூன்று மடங்கு சக்தி கொண்டவை. திரும்பும்போது செயின், டயர், கார்புரேட்டர் என்று பெட்டி நிறைய உதிரிபாகங்களை வாங்கி வந்து ஆராய்ந்தார்.

சொன்னதைச் செய்ய ஐந்து வருஷம் பிடித்தது. 1959-ல் முதன்முறை இறங்கிய ஹோண்டா, 125 சிசி பிரிவில் அணிக்கான பரிசை வென்றது. 1961-ல் 125, 250 சிசி இரண்டிலும் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தது.

இடையில் 1958-ல் சூப்பர் கப் வந்தது. 50 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், கால் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரலாம், கிளட்ச் லிவர் கிடையாது. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டோடு டெலிவரி போகும் பையன் மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது கணக்கு. 2017-ல் இந்த வரிசை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகில் வேறு எந்த மோட்டார் வாகனமும் அத்தனை எண்ணிக்கையில் தயாரிக்கப்படவில்லை.

இந்தியாவுக்கு ஹோண்டா பெயர் வந்தது 1984-ல். கைனடிக், ஹீரோ நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 குறைந்த பெட்ரோலில் நிறைய ஓடி, ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கை நம் ஊர்களில் பழக்கப்படுத்தியது. 2001-ல் வந்த ஆக்டிவா பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அதற்குள் சோய்சிரோ இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

அவர் தோற்ற வாதம்

இதுவரை படித்தது வெற்றிக் கதை. இனி வருவதுதான் முக்கியம்.

சோய்சிரோ கோபக்காரர். தொழிற்சாலையில் கருவியை விட்டெறிவார், கைநீட்டி அடிக்கவும் செய்வார். ஊழியர்கள் அவருக்கு இடி அப்பா என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மேதை என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. அவர் பிடித்தால் பிடித்த பிடிதான். அந்தப் பிடிவாதம் 1960-களின் கடைசியில் கம்பெனியின் கழுத்தையே பிடித்தது.

பைக் இன்ஜினைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தகடுகள் இருக்குமே, அது காற்றால் குளிர்வதற்கு. கார்களில் தண்ணீர் ஓடி இன்ஜினைக் குளிர்விக்கும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் காற்று குளிர்விக்கும். கடைசியில் குளிர்விப்பது காற்றுதானே, நடுவில் தண்ணீர் எதற்கு என்பது சோய்சிரோவின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதை நம்பி, காற்றால் குளிரும் ஃபார்முலா 1 கார் ஒன்றைச் செய்ய வைத்தார். ஹோண்டாவின் ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அதை ஓட்ட மறுத்தார். 1968 ஜூலையில் பிரெஞ்சு பந்தயத்தில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸர் விபத்தில் சிக்கி, தீயில் உயிரிழந்தார்.

அதன் பிறகும் மனம் மாறவில்லை. 1969-ல் வந்த எச்.1300 காரிலும் காற்றுதான். விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. அதே சமயம் அமெரிக்காவில் காற்று மாசைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லும் சட்டம் தயாரானது. இன்ஜின் வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தாமல் புகையைக் குறைக்க முடியாது, அதற்குத் தண்ணீர்தான் வழி என்று இளம் இன்ஜினீயர்கள் மன்றாடினார்கள். முதலாளி கேட்கவில்லை.

அவர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள். ஃபுஜிசாவாவுக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் மனிதர்களைத் தெரியும். தொழில்நுட்பத்தைப் பற்றி அவர் வாதாடவே இல்லை. நீங்கள் கம்பெனியின் தலைவராக இருக்கப்போகிறீர்களா, இன்ஜினீயராக இருக்கப்போகிறீர்களா என்று மட்டும் கேட்டார். சோய்சிரோ கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, தலைவராகவே இருக்கிறேன் என்றார். அப்படியானால் இளைஞர்கள் தண்ணீர் இன்ஜின் செய்யலாம்தானே என்று கேட்டதற்குச் சரி என்றார். வாழ்க்கை முழுவதும் இன்ஜினையே நம்பி வாழ்ந்த மனிதர், இன்ஜின் விஷயத்தில் கடைசி வார்த்தை தன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்ட இடம் அது.

அந்த இளைஞர்கள் உருவாக்கியதுதான் சி.வி.சி.சி. இன்ஜின். 1972-ல் அமெரிக்காவின் புதிய மாசு விதிகளை உலகில் முதலாவதாக நிறைவேற்றிய இன்ஜின் அது. பெரிய அமெரிக்க நிறுவனங்கள் முடியவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த விதிகள்.

இன்னொரு சறுக்கலும் நடந்தது. உலகின் பெரிய கார் கம்பெனிகளை முந்த இது நல்ல வாய்ப்பு என்று சோய்சிரோ பேசியபோது, தாங்கள் உழைப்பது கம்பெனிக்காக இல்லை, சமூகத்துக்காக, பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்காக என்று இளைஞர்கள் சொன்னார்கள். தன் சிந்தனை எப்போது கம்பெனி அளவுக்குச் சுருங்கிப்போனது என்று அவர் யோசித்தார். ஓய்வு பெறும் முடிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்று நிறுவனத்தின் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது.

நாற்காலியை விட்டபின்

1973 அக்டோபரில், கம்பெனிக்கு 25 வயது ஆன நேரத்தில், ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒன்றாக விலகினார்கள். ஹோண்டாவுக்கு 66, ஃபுஜிசாவாவுக்கு 62. அடுத்த தலைவர் கியோஷி கவாஷிமாவுக்கு 45. வாரிசு என்று யாரையும் உள்ளே கொண்டுவரவில்லை. ஹோண்டாவின் மகன் ஹிரோதோஷி ரேஸ் வண்டிகளுக்காக மூகென் என்ற தனி நிறுவனத்தை நடத்தினார். காற்று இன்ஜினா, தண்ணீர் இன்ஜினா என்று வாதாடிய இளைஞர்களில் ஒருவரான தடாஷி குமே 1983-ல் கம்பெனியின் தலைவரானார்.

முதலாளியை எதிர்த்துப் பேசினால் வேலை போகும் என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த ஆபீஸ். எதிர்த்துப் பேசியவர் தலைவர் ஆகும் இடமாக ஒரு கம்பெனியை விட்டுப்போவது, நல்ல இன்ஜின் செய்வதைவிடக் கஷ்டம். சோய்சிரோ தானாகவே பெருந்தன்மையோடு அதைச் செய்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஓர் உயிர் போயிருந்தது, ஒரு கார் தோற்றிருந்தது, முகத்துக்கு நேரே கேள்வி கேட்க ஒரு ஃபுஜிசாவா இருந்தார். அதன் பிறகுதான் அவர் இறங்கி வந்தார். ஆனாலும் இறங்கினார், 30 வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்ததைப் போல.

ஓய்வுக்குப் பிறகு ஒரு வேலை வைத்துக்கொண்டார். ஜப்பான் முழுக்க உள்ள ஹோண்டா தொழிற்சாலைகள், சின்னச் சின்ன விற்பனைக் கடைகள் என்று சுமார் 700 இடங்களுக்கு நேரில் போய் ஊழியர்களுக்கு நன்றி சொன்னார். ஓரிடத்தில் கைகொடுக்க வந்த மெக்கானிக் ஒருவர், கையெல்லாம் எண்ணெய் என்று பின்வாங்கினார். சோய்சிரோ அந்தக் கையை இழுத்துப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தன் கையில் ஒட்டிய எண்ணெயைச் சந்தோஷமாக மோந்து பார்த்தார்.

1991 ஆகஸ்ட் 5 அன்று, கல்லீரல் செயலிழந்து, 84 வயதில் இறந்தார். ஜப்பானில் இவ்வளவு பெரிய தொழிலதிபர் இறந்தால் கம்பெனி சார்பில் பிரமாண்டமாக இறுதிச் சடங்கு நடக்கும். அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். காரணம் எளிமையானது. ஆயிரக்கணக்கானவர்கள் வண்டியில் வருவார்கள், சாலை அடைத்துக்கொள்ளும். வண்டி செய்து பிழைத்த தன்னால் ஊரில் டிராஃபிக் ஜாம் ஆகக்கூடாது என்பது அவர் கவலை.